வீட்டில் பவளத் தொட்டி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதல் ஓராண்டு

பவளம் ஒரு விலங்கு. பார்வைக்குச் செடி போலவோ கல் போலவோ இருந்தாலும் அதற்கு வாய் உண்டு, கொட்டும் செல்கள் உண்டு, இரவில் பக்கத்துப் பவளத்தோடு இடத்துக்காகச் சண்டை போடும் குணமும் உண்டு. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு சர்க்கரை செய்து பவளத்துக்கு ஊட்டுகின்றன. பவளம் அவற்றுக்கு இருப்பிடமும் தன் கழிவையும் தருகிறது. இந்தக் கூட்டுக் குடித்தனம் உடைந்தால் பவளம் வெளுத்துப்போகும்.

கடல் பெரியது, அதன் உப்பும் வெப்பமும் மெதுவாகத்தான் நகரும். 200 லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் ஆவியான தண்ணீரை இரண்டு மூன்று நாள் ஈடுகட்ட மறந்தாலே உப்பு ஏறிவிடும். ஆகவே இந்த வேலையில் பெரும்பகுதி தண்ணீரை ஒரே நிலையில் வைத்திருப்பதுதான். கீழே சொல்லும் கருவிகள், அளவுகள், காத்திருப்பு எல்லாம் அதற்காகவே. எண்கள் கொஞ்சம் முன்பின் இருந்தால் பவளம் பொறுத்துக்கொள்ளும். ஒரே இரவில் எண் தாவினால் பொறுக்காது.

தொட்டியும் இடமும்

முதல் தொட்டிக்கு 150 முதல் 250 லிட்டர் வரை ஏற்றது. 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் கொண்ட தொட்டி சுமார் 180 லிட்டர் பிடிக்கும். நல்ல தொடக்கம் அது. 30, 40 லிட்டர்த் தொட்டி எளிது என்று பலர் நினைத்து வாங்குகிறார்கள். உண்மையில் அதுதான் கடினம்: ஒரு நத்தை செத்தாலே அம்மோனியா எகிறும், ஒரு கோப்பைத் தண்ணீர் ஆவியானாலே உப்பு மாறும்.

180 லிட்டர்த் தொட்டி தண்ணீர், கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்டு, கீழ்த்தொட்டி எல்லாம் சேர்ந்து 300 கிலோவைத் தாண்டும். தரை தாங்குமா என்பதை முதலில் பாருங்கள். ரசமட்டம் வைத்து ஸ்டாண்டு நான்கு பக்கமும் சமமாக இருப்பதை உறுதி செய்யுங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் கண்ணாடி ஒட்டுக்களில் ஆண்டுக்கணக்கில் இழுவிசை விழும். நேர் வெயில் படும் ஜன்னலோரமும், ஏ.சி. காற்று நேராக அடிக்கும் சுவரும் வேண்டாம்.

கீழே ஒரு சம்ப், அதாவது கருவிகளுக்கான கீழ்த்தொட்டி, வைப்பது சிறந்தது. ஹீட்டர், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் எல்லாம் அதில் மறைந்துவிடும், மொத்த நீரளவும் கூடும். ஆனால் மின்சாரம் நிற்கும் கணத்தில் மேல்தொட்டியின் தண்ணீர் குழாய் வழியே சம்புக்கு இறங்கும். சம்பில் அதற்கு இடமில்லை என்றால் தரையில் வழியும். தொட்டியில் உயிர் எதுவும் விடுவதற்கு முன்பே, வெறும் தண்ணீர் ஊற்றி, பம்ப்பை நிறுத்திச் சோதித்துப் பாருங்கள். தண்ணீர் இறங்கி நின்ற பிறகும் சம்பின் விளிம்புக்கு 3 செ.மீ. மிச்சம் இருக்க வேண்டும். இயங்கும்போது சம்பின் நீர்மட்டம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் ஒருபோதும் நிரப்பாதீர்கள். திரும்பும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் இருக்கட்டும். ஆழத்தில் இருந்தால் அந்த ஆழம் வரை தண்ணீரைப் பின்னோக்கி உறிஞ்சிவிடும். ஒருவழி வால்வை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். சுண்ணாம்பு படிந்தாலோ ஒரு சிறு நத்தை உள்ளே போய் உட்கார்ந்தாலோ அது மூடாது.

எவை தேவை, எவை காத்திருக்கலாம்

ஹீட்டர் மொத்தமாக லிட்டருக்கு 1 வாட் அளவில் போதும். அதை ஒரே ஹீட்டராக வாங்காமல் பாதி வாட் கொண்ட இரண்டாக வாங்குங்கள். ஒன்று நிற்காமல் எரிந்துகொண்டே இருந்தாலும் தொட்டியைக் கொதிக்க வைக்கும் வலு அதற்கு இராது. ஒன்று செத்தாலும் மற்றது ஓரளவு தாங்கும். இரண்டையும் தனி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியில் இணைத்து 25 முதல் 26 டிகிரி செல்சியஸில் வையுங்கள். அறை சூடாக இருந்தால் நீர்மட்டத்தின் மேல் வீசும் சிறு மின்விசிறி 2, 3 டிகிரி குறைக்கும். ஆனால் தண்ணீர் அதிகம் ஆவியாகும்.

ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஈடுகட்ட ஊற்ற வேண்டியது சுத்தமான நன்னீர், உப்புநீர் அல்ல. தொடங்குபவர்கள் மிக அடிக்கடி செய்யும் பிழை இது. நீர்மட்டம் குறைந்தால் தானே ஊற்றும் ஆட்டோ டாப்-ஆஃப் கருவியை விருப்பப் பொருளாக நினைக்காதீர்கள், ஸ்கிம்மருக்கு முன்பே அதை வாங்குங்கள். அதன் நீர்க்கலன் மட்டும் சிறியதாக, 10 முதல் 15 லிட்டருக்குள் இருக்கட்டும். சென்சார் பழுதாகி முழுக் கலனும் கொட்டினால்கூட 180 லிட்டரில் உப்பு ஆபத்தான அளவுக்கு இறங்காது.

தொட்டிக்குள்ளேயே நீரோட்டம் உண்டாக்கும் பவர்ஹெட் பம்ப் இரண்டு வேண்டும், எதிரெதிர்ப் பக்கங்களில். இரண்டும் சேர்ந்து மணிக்குத் தொட்டி அளவைப்போல் 20 மடங்கு தண்ணீரைச் சுழற்றினால் மென்பவளங்களுக்குப் போதும். கிளைத்த கடினப் பவளங்களுக்கு 40 மடங்கும் அதற்கு மேலும் தேவைப்படும். சம்பிலிருந்து திரும்பும் பம்ப் இதில் சேராது, அது 3 முதல் 5 மடங்கு போதும்.

ஸ்கிம்மர் நுண்ணிய காற்றுக்குமிழிகளைத் தண்ணீரில் கலக்கிவிடுகிறது. மீன்கழிவின் புரதங்கள் குமிழியின் பரப்பில் ஒட்டி நுரையாக மேலேறிக் கோப்பையில் சேரும், அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்பே வெளியேறும். தண்ணீருக்கு ஆக்சிஜனும் ஏறும். புது ஸ்கிம்மர் முதல் ஒன்றிரண்டு வாரம் கண்டபடி பொங்கும், பிறகு அடங்கும்.

யு.வி. விளக்கு, கால்சியம் ரியாக்டர், ஓசோன் கருவி இவை முதல் ஆண்டில் தேவையில்லை.

மின் பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் கூடாது. 30 மில்லியாம்பியர் கசிவுக்கு அறுபடும் ஆர்.சி.டி. வழியாகவே எல்லாக் கருவிகளும் இயங்கட்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்கில் சேர வேண்டும். வயர் வழியே வழியும் உப்புநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் கிடத்தாமல் ஸ்டாண்டின் பக்கவாட்டில் உயரத்தில் மாட்டுங்கள்.

தண்ணீர் தயாரிப்பு

குழாய்த் தண்ணீரில் குளோரின், குளோரமைன், தாமிரம், பாஸ்பேட், சிலிகேட் எதுவும் இருக்கலாம். தாமிரம் மிகக் குறைந்த அளவிலேயே நத்தை, இறால், பவளத்தைக் கொல்லும். மற்றவை பாசிக்கு விருந்து. ஆர்.ஓ. சவ்வோடு, மிஞ்சிய அயனிகளைப் பிடித்துவிடும் டி.ஐ. ரெசினும் சேர்ந்த வடிகட்டி வேண்டும். வெளிவரும் தண்ணீரில், கரைந்த பொருள்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்ட வேண்டும். குடிநீருக்கான ஆர்.ஓ. இயந்திரம் போதாது. அதில் டி.ஐ. நிலை இருக்காது, சிலவற்றில் தாதுக்களை மறுபடி கலந்தும் விடுவார்கள். குளோரமைனை டி.டி.எஸ். மீட்டர் காட்டாது, ஆகவே 0 தெரிகிறதே என்று கார்பன் ஃபில்டரை மாற்றாமல் விடக்கூடாது.

உப்பு கலக்கும் முறை:

1. சுத்தமான, உணவுத் தரப் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரை நிரப்பி, உள்ளே ஒரு பம்ப்பை ஓடவிடுங்கள்.
2. உப்புப் பையை நன்றாக உருட்டிக் குலுக்குங்கள். பயணத்தில் கனமான துகள்கள் அடியில் தங்கியிருக்கும்.
3. லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை, பை சொல்லும் அளவில், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் தூவுங்கள். உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் அடர்ந்த கரைசலில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெண்மையாகப் படிந்துவிடும். அது பிறகு கரையாது, அந்த அளவு கால்சியமும் காரத்தன்மையும் (தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட், கார்பனேட்டின் அளவு) உங்களுக்கு இழப்பு.
4. தண்ணீர் தெளியும்வரை கலக்கவிட்டு, 25 டிகிரிக்குக் கொண்டுவந்து அளவிடுங்கள்.
5. 35 பி.பி.டி., அதாவது ஆயிரத்தில் 35 பங்கு உப்பு, வேண்டும். ஒப்படர்த்தியில் அது 1.026.

அளவிட, ஒளி விலகலைக் கொண்டு உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். ஆடும் முள்ளுடன் வரும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் முள்ளில் ஒரு குமிழி ஒட்டினாலே அளவு பொய்யாகும். ரிஃப்ராக்டோமீட்டரைச் சுத்தத் தண்ணீரில் 0-க்கு மட்டும் சரிசெய்து விட்டுவிடாதீர்கள். 0-வில் சரியாக இருப்பது 35-இல் தவறலாம். 35 பி.பி.டி. சரிபார்ப்புத் திரவத்தில் மாதம் ஒருமுறை பாருங்கள்.

முதல் நிரப்பலுக்கு மட்டும், உயிர் எதுவும் இல்லாதபோது, தொட்டியிலேயே கலக்கலாம்.

கல்லும் மணலும்

100 லிட்டருக்கு 8 முதல் 12 கிலோ நுண்துளைக் கல் போதும். கடலிலிருந்து ஈரமாக வரும் உயிர்க்கல்லில் பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் நிறைந்திருக்கும். கூடவே வேண்டாத நண்டும், களைபோல் பெருகும் கண்ணாடி அனிமோனும் வரும். உலர்கல்லில் பூச்சி இல்லை, ஆனால் தொட்டி முதிர்வதற்கு மாதங்கள் கூடுதலாகும். உலர்கல்லோடு ஒரு கையளவு உயிர்க்கல் சேர்ப்பது நல்ல சமரசம். உலர்கல்லை ஒரு வாரம் வடிகட்டிய நீரில் ஊறவைத்து அந்த நீரில் பாஸ்பேட் சோதியுங்கள். அதிகம் தெரிந்தால் நீரை மாற்றி மாற்றி ஊறவிடுங்கள். அவசரப்பட்டு உள்ளே வைத்தால் அந்தப் பாஸ்பேட் ஓராண்டு பாசியாகத் திரும்பி வரும்.

கல்லை முதலில் அடிக்கண்ணாடியின் மேலேயே நிறுத்துங்கள், மணலைப் பிறகு சுற்றிலும் போடுங்கள். மணலின் மேல் கல்லை அடுக்கினால் குழிபறிக்கும் மீன் ஒருநாள் அதைச் சரித்துக் கண்ணாடியை உடைக்கும். மூட்டுகளைப் பவளத் தொட்டிக்கான சிமெண்டாலோ இருகூறு எப்பாக்ஸியாலோ ஒட்டுங்கள். முன், பக்கக் கண்ணாடிகளிலிருந்து 8 செ.மீ. இடைவெளி விட்டால்தான் காந்தத் துடைப்பான் போய்வரும். அரகோனைட் (கால்சியம் கார்பனேட்) மணல், 1 முதல் 2 மி.மீ. பருமனில், 3 செ.மீ. கனத்துக்கு. மாவு போன்ற மணல் பவர்ஹெட் ஓட்டத்தில் பறக்கும்.

பாக்டீரியாவுக்காகக் காத்திருக்கும் வாரங்கள்

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு கூட்டப் பாக்டீரியா நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. இவை கல்லின் துளைகளில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். பாட்டில் பாக்டீரியா சேர்த்தால் சீக்கிரம் முடியும்.

தூய அம்மோனியம் குளோரைடு 100 லிட்டருக்குச் சுமார் 0.65 கிராம் போட்டால் அம்மோனியா 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) ஆகும். பாட்டில் பாக்டீரியாவை ஊற்றி, ஒளியை அணைத்து, பம்ப்பும் ஹீட்டரும் ஓட விட்டுவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். அம்மோனியா 0 ஆனதும் மறுபடி 2-க்கு ஏற்றுங்கள். 5-க்கு மேல் ஏற்றினால் பாக்டீரியாவே தடுமாறும். 2 பி.பி.எம். அம்மோனியா 24 மணி நேரத்தில் 0 ஆகிவிட்டால் இந்தப் பாக்டீரியாச் சுழற்சி நிலைபெற்றுவிட்டது. நைட்ரைட் கொஞ்சம் மிச்சமிருந்தால் கவலை வேண்டாம்: கடல்நீரிலுள்ள குளோரைடு அது மீனின் உடலுக்குள் புகாமல் தடுக்கிறது, நன்னீர் மீனுக்கு உள்ள அபாயம் இங்கே இல்லை. நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் சோதனை உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அந்த எண்ணை நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

உயிருள்ள மீனை விட்டு இந்தச் சுழற்சியை ஓட்டும் பழைய வழக்கத்தைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். அம்மோனியா செவுள்களை எரிக்கும். மீன் பிழைத்தாலும் அந்த வாரங்கள் அதற்கு வேதனை.

அழகு கெடும் மாதங்கள்

சுழற்சி நிலைபெற்று விளக்கு போட்டதும் தொட்டி அசிங்கமாகும். எல்லோருக்கும் நடக்கும், இங்கேதான் பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். எது வந்திருக்கிறது என்று முதலில் அடையாளம் காணுங்கள், ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

பழுப்புத் தூள்போல் மணலிலும் கண்ணாடியிலும் படிந்து, தொட்டால் எளிதில் கலைவது டயாட்டம். சிலிகேட் தீர்ந்ததும் தானே போகும். பச்சை முடிப்பாசி கல்லில் வளர்ந்தால் கையால் பிடுங்கி வெளியே எடுங்கள், தீவனத்தைக் குறையுங்கள், நத்தைகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கருஞ்சிவப்பு விரிப்பாகப் படர்ந்து, உறிஞ்சினால் தோல்போல் உரிந்து வருவது சயனோபாக்டீரியா. நீரோட்டம் சேராத மூலைகளில் வரும். பவர்ஹெட்டைத் திருப்பி, சைஃபனால் உறிஞ்சி எடுங்கள்.

நான்காவது, டைனோஃபிளஜெல்லேட். சளிபோன்ற பழுப்பு இழைகள், நுனியில் காற்றுக்குமிழி. பகலில் பெருகி இரவில் குறையும், காலையில் மறுபடி வரும். இதைத் தின்னும் நத்தைகள் சாகவும் கூடும். இது பெரும்பாலும் அளவுக்கு மீறிச் சுத்தமான தொட்டியின் நோய். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 0 ஆனதும் மற்றப் பாசிகளும் பாக்டீரியாவும் பட்டினியில் ஒதுங்க, இது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இன்னும் சுத்தம் செய்யலாம் என்று தண்ணீர் மாற்றுவது நிலைமையை மோசமாக்கும். பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிட்டு, தீவனத்தைக் கூட்டி, நைட்ரேட்டை 5 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 பி.பி.எம். அளவுக்கு உயர்த்திப் பிடியுங்கள். பொறுமை வேண்டும், வாரக்கணக்கில் ஆகும்.

சாதாரண நாளிலும் இவை இரண்டும் 0 ஆகக்கூடாது. நைட்ரேட் 2 முதல் 15, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 என்பது நல்ல வரம்பு. பவளத்துக்கும் உணவு வேண்டும்.

டயாட்டம் தெரிந்ததும் நத்தைகளை விடலாம். ட்ரோகஸ் நத்தை கவிழ்ந்தால் தானே நிமிரும். டர்போ நன்றாக மேயும், ஆனால் பெரியது, ஒட்டாத பவளங்களைத் தள்ளிவிடும். நசேரியஸ் மணலுக்குள் வாழ்ந்து மிஞ்சிய தீவனத்தைத் தின்னும். 100 லிட்டருக்கு மொத்தம் 8, 10 போதும். அதிகம் விட்டால் பாசி தீர்ந்ததும் பட்டினியில் சாகும்.

மீன்

கடல்மீன் வளர்ப்பில் பெரும் இழப்பைத் தருபவை இரண்டு ஒட்டுண்ணிகள்: வெண்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகாரியான், வெல்வெட் நோயைத் தரும் அமிலூடினியம். வெல்வெட் சில நாளில் தொட்டி முழுவதையும் முடித்துவிடும். கிரிப்டோகாரியான் மீனின் தோலில் சில நாள் தின்று, பிறகு உதிர்ந்து, கல்லிலும் மணலிலும் கூடுகட்டிப் பெருகி, மறுபடி நீந்திவந்து மீனைத் தேடும். புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதாக மகிழ்வது அதனால்தான் தவறு, அது கூட்டுக்குள் இருக்கிறது. மருந்து நீந்தும் நிலையில் மட்டுமே அதைக் கொல்லும். அந்த மருந்து தாமிரம், பவளத் தொட்டியில் ஊற்றவே முடியாது. நோய் உள்ளே வந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, தொட்டியை மீனின்றி 76 நாள் விடுவதுதான் பரவலாகப் பின்பற்றப்படும் வழி.

ஆகவே தனிமைத் தொட்டி ஒன்று வையுங்கள். 50 லிட்டர்த் தொட்டி, ஹீட்டர், ஏற்கெனவே பாக்டீரியா பிடித்த ஸ்பஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள். கல்லும் மணலும் வேண்டாம், அவை தாமிரத்தை உறிஞ்சிவிடும். ஒவ்வொரு புது மீனும் 30 நாள் அங்கே இருக்கட்டும். தாமிர மருந்தின் அளவு வகைக்கு வகை மாறும்; அந்த வகைக்கான சோதனைக் கருவி கையில் இல்லாமல் தொடாதீர்கள்.

மீனோடு நெடும்பயணம் வந்த பையை மணிக்கணக்கில் திறந்துவைத்துச் சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விடுவதும் தவறு. பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். குறைந்திருக்கும், அம்மோனியா அதிக நச்சில்லாத அம்மோனியமாக இருக்கும். திறந்ததும் பி.எச். ஏறி அது நஞ்சாகும். மூடிய பையை 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்யுங்கள். தனிமைத் தொட்டியின் உப்பை முன்கூட்டியே பைத் தண்ணீரின் உப்புக்கு இணையாக வைத்திருந்து, மீனை மட்டும் மாற்றுங்கள். பைத் தண்ணீர் வேண்டாம்.

180 லிட்டருக்கு 4, 5 சிறு மீன்கள். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த கோமாளி மீன் ஜோடி நல்ல தொடக்கம். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே பிறக்கும். ஜோடியில் வலுத்தது பெண்ணாக மாறும். ஆகவே அளவில் வேறுபட்ட இரண்டு குஞ்சுகளை வாங்கினால் போதும். பாங்காய் கார்டினல் வாங்கினால் இனப்பெருக்கம் செய்த மீனையே கேளுங்கள். இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளில் மட்டும் இயற்கையாக வாழும் அது அழியும் ஆபத்திலுள்ள இனம். ஃபயர்ஃபிஷ் அழகானது, பயந்தால் தொட்டியிலிருந்து குதிக்கும்; வலை மூடி கட்டாயம்.

நீல டாங் 30 செ.மீ. வளரும், இந்தத் தொட்டி அதற்குச் சிறை. மாண்டரின் மீன் கல்லில் ஊரும் கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிரிகளை நாள் முழுக்கக் கொத்தித் தின்பது; புதுத் தொட்டியில் மெல்ல மெல்லப் பட்டினியால் சாகும். நீல டாம்ஸல் மலிவு, உறுதி, ஆனால் பிறகு வரும் எந்த மீனையும் வாழவிடாது. ஒவ்வொரு மீனுக்கும் நடுவில் 2, 3 வார இடைவெளி விடுங்கள். பாக்டீரியா அதற்குள் பெருகிக்கொள்ளும்.

பவளம்

காரத்தன்மை, உப்பு, வெப்பம் மூன்றும் ஒரு மாதம் அசையாமல் நின்றால் முதல் பவளத்தைக் கொண்டுவரலாம். காளான் பவளம், லெதர், சோவாந்தஸ் போன்ற மென்பவளங்கள் முதலில். பிறகு ஹாமர், டார்ச், டங்கன் போன்ற பெரிய பாலிப்புள்ள கடினப் பவளங்கள். அக்ரோபோரா போன்றவை ஓராண்டுக்குப் பிறகு. பச்சை நட்சத்திரப் பாலிப்பும் ஸீனியாவும் களைபோல் பரவும். தனிக் கல்லில், மற்றக் கற்களைத் தொடாத இடத்தில் வையுங்கள்.

பவளம் பயன்படுத்தும் ஒளியின் செறிவு பார் என்ற அளவால் குறிக்கப்படும். மென்பவளத்துக்கு 50 முதல் 100, பெரிய பாலிப் வகைகளுக்கு 75 முதல் 150, அக்ரோபோராவுக்கு 200 முதல் 350. நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம், நீல நிறம் ஓங்கியதாக. புது எல்.இ.டி. விளக்கை 30 சதவீதத்தில் தொடங்கி வாரத்துக்கு 5 சதவீதம் ஏற்றுங்கள். பவளம் வெளிறினால் ஒளி மிகை. கரும்பழுப்பானால் ஒளி குறைவு அல்லது நைட்ரேட், பாஸ்பேட் மிகை. ஒன்றைப் பார்த்ததும் உடனே இடம் மாற்றாதீர்கள், வைத்த இடத்தில் இரண்டு வாரமாவது விட்டுப் பாருங்கள்.

புதுத் துண்டைப் பவளக் குளியல் மருந்தில் அலசி, சிறு குழாயால் தண்ணீர் பீய்ச்சி, அடிக்கட்டையை வெட்டி எறிந்துவிட்டு, புதுக் கட்டையில் ஜெல் சூப்பர் க்ளூவால் ஒட்டுங்கள். பூச்சி முட்டைகளும் கண்ணாடி அனிமோனும் பெரும்பாலும் அடிக்கட்டையில்தான் வரும், குளியல் முட்டைகளைக் கொல்லாது.

டார்ச் பவளம் இரவில் நீண்ட கொடுக்கு இழைகளை நீட்டி அண்டையைச் சுடும். எல்லாப் பக்கமும் 15 செ.மீ. இடம் விடுங்கள். லெதர் பவளங்கள் தண்ணீரிலேயே நஞ்சு கசியவிட்டுக் கடினப் பவளங்களை ஒடுக்கும்; சம்பில் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் வைத்து மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கையைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். சோவாந்தஸ், பாலிதோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அவற்றை வெட்டும்போது கையுறையும் கண் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள், காயமுள்ள கையால் தொடாதீர்கள். அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவோ கொதிக்கவைக்கவோ கூடாது. ஆவியில் நஞ்சு கலந்து வீட்டிலுள்ள எல்லோரையும் மருத்துவமனைக்கு அனுப்பும்.

காரத்தன்மை என்ற நாடி

கடினப் பவளம் கால்சியம் கார்பனேட்டால் எலும்பு கட்டுகிறது. தண்ணீரிலிருந்து கால்சியமும் காரத்தன்மையும் தினமும் குறையும். வேகமாகக் கண்ணில் படுவது காரத்தன்மை, அதனால் அதையே முதலில் சோதியுங்கள். இலக்கு: காரத்தன்மை 8 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு) சுற்றி, கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம்., மெக்னீசியம் 1250 முதல் 1350 பி.பி.எம். மெக்னீசியம் குறைந்தால் கால்சியம் கார்பனேட் தானாகப் படியத் தொடங்கும், எவ்வளவு ஊற்றினாலும் மற்ற இரண்டும் நிற்காது.

மென்பவளம் மட்டும் இருக்கும்வரை வாரம் 10 சதவீதத் தண்ணீர் மாற்றமே போதும். அதன்பின்னும் காரத்தன்மை குறைந்தால் அன்றாடம் ஈடுகட்ட வேண்டும். கணக்கு எளிது. இன்று 8.2, மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் 7.3 என்றால் நாளுக்கு 0.3 செலவாகிறது. கல், மணல் போக உங்கள் தண்ணீர் 160 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100 லிட்டரில் 1 டி.கே.எச். உயர்த்த 3 கிராம் சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், தேவை. 0.3 × 1.6 × 3 = 1.44 கிராம் ஒரு நாளைக்கு. பவளம் 1 டி.கே.எச். செலவழித்தால் சுமார் 7 பி.பி.எம். கால்சியத்தையும் செலவழிக்கும், ஆக நாளுக்கு 2.1 பி.பி.எம்., கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டில் ஏறத்தாழ 1.25 கிராம். இரண்டையும் தனித்தனியே வடிகட்டிய நீரில் கரைத்து, ஓட்டம் வேகமான இடத்தில், இடையில் அரை மணி நேரமாவது விட்டு ஊற்றுங்கள். சேர்த்து ஊற்றினால் வெண்மேகமாகப் படிந்து இரண்டும் வீண்.

காரத்தன்மை விழுந்திருப்பது தெரிந்தால் நாளுக்கு 1 டி.கே.எச்.-க்கு மேல் ஏற்றாதீர்கள். 6.5-இல் இருப்பதை ஒரே நாளில் 9-க்குக் கொண்டுபோனால் பவளத்தின் நுனித் திசு எரிந்து உரியும், 6.5-இல் விட்டுவைத்திருந்தால்கூடப் பிழைத்திருக்கும்.

பி.எச். 7.9 முதல் 8.4 வரை இருக்கலாம். குறைவாகத் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் மூடிய அறையில் சேரும் கரியமில வாயு. ஜன்னலைத் திறந்து பாருங்கள். பி.எச். உயர்த்தும் தூள் போட்டால் காரத்தன்மைதான் தாறுமாறாக ஏறும்.

வாரந்தோறும், அவசரத்தில்

தினமும் வெப்பநிலையையும் மீன்கள் எல்லாம் தீவனத்துக்கு வருகின்றனவா என்பதையும் பாருங்கள். ஒன்று வரவில்லை என்றால் தேடுங்கள், பிணம் மறைவில் அழுகக்கூடாது. வாரம் ஒருமுறை உப்பு, காரத்தன்மை, நைட்ரேட், பாஸ்பேட் சோதித்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். தனி எண்ணைவிட எண் போகும் திசையே அதிகம் சொல்லும். தண்ணீர் மாற்றும்போது முதலில் ஹீட்டரை அணையுங்கள், நீருக்கு வெளியே எரிந்தால் வெடிக்கும். மணலின் ஒரு பகுதியை உறிஞ்சி எடுங்கள். புதுநீர் அதே உப்பு, அதே வெப்பத்தில் இருக்கட்டும். கையை விடுமுன் சோப்பும் லோஷனும் போகக் கழுவுங்கள். தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்து தெளிக்காதீர்கள். இறாலும் நண்டும் முதலில் சாகும்.

மின்சாரம் நின்றால் முதல் எதிரி வெப்பமோ ஒளியோ அல்ல, ஆக்சிஜன் குறைவு. மீன்கள் மேற்பரப்பில் மூச்சு வாங்குவது அதன் அடையாளம். பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்ப் ஒன்று, மின்சாரம் நின்றதும் தானே ஓடுவதாக, எப்போதும் தயாராக இருக்கட்டும். அந்த நேரத்தில் தீவனம் போடாதீர்கள். காற்றுப் பம்ப்பும் இல்லையென்றால் ஒரு குவளையில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருங்கள்.

வெளியூர் போகும்போது தொட்டியைப் பார்த்துக்கொள்பவருக்குத் தீவன டப்பாவைக் கொடுக்காதீர்கள். நாள் வாரியாகப் பொட்டலம் கட்டி, கிழமை எழுதி, மொத்தத்தையும் வழக்கத்தில் பாதியாகக் குறைத்துக் கொடுங்கள். ஆட்டோ டாப்-ஆஃப் கலனை எந்தத் தண்ணீரால் நிரப்ப வேண்டும் என்று கலனின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் புதுக் கருவியோ புது மீனோ சேர்க்காதீர்கள்.